ரிப்போர்ட் நார்மல், வலி மட்டும் போகவில்லை: உடல் அறிகுறிக் கோளாறுகளைப் பிரித்தறிவது எப்படி?

நெஞ்சு வலி என்று ஒருவர் வருகிறார். ஈ.சி.ஜி., ட்ரோபோனின், எக்கோ, டிரெட்மில் என எல்லாம் எடுத்தாகிவிட்டது. எதிலும் குறையில்லை. "ஒண்ணும் இல்லைங்க, டென்ஷன்தான்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு வாரத்தில் அதே வலியோடு வேறொரு மருத்துவமனையில் அவர் டோக்கன் வாங்கிக்கொண்டிருப்பார்.

"டென்ஷன்தான்" என்பது நோய்க் கணிப்பே அல்ல. அந்த ஒரு வலிக்குப் பின்னால் பீதித் தாக்குதல் இருக்கலாம், மனச்சோர்வு இருக்கலாம், உடல் அறிகுறிக் கோளாறு இருக்கலாம். வலியைவிட நோயைப் பற்றிய பயமே பெரிதாக இருக்கலாம். அசைக்க முடியாத ஒரு மருட்சி நம்பிக்கை இருக்கலாம். அபூர்வமாக, வேண்டுமென்றே உண்டாக்கிய அறிகுறியாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, பேச வேண்டிய விதம் வேறு. பரிசோதனை முடிவு 'என்ன இல்லை' என்று மட்டுமே சொல்லும். 'என்ன இருக்கிறது' என்பதை அதற்கென்று உள்ள அடையாளங்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அறிகுறி அல்ல, அதைச் சுற்றி ஓடும் எண்ணம்

மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-இல், 1994-இல் வந்த நான்காம் பதிப்பு (டி.எஸ்.எம்-4) வரைக்கும் எண்ணிக்கைதான் ஆட்சி செய்தது. உடல் அறிகுறிக் கோளாறின் பழைய வடிவமான 'சொமட்டைசேஷன்' என்று எழுத வேண்டுமானால் நான்கு இடங்களில் வலி, இரண்டு வயிற்றுக் கோளாறுகள், ஒரு பாலியல் அறிகுறி, நரம்பு நோய்போல் தோன்றும் ஓர் அறிகுறி வேண்டும். தொல்லைகள் 30 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். எதற்கும் மருத்துவ விளக்கம் போதாமல் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் பெரும் தொல்லை. விளக்கம் கிடைக்கவில்லை என்பது சில நேரம் நோயாளியைப் பற்றிய தகவல், சில நேரம் மருத்துவரின் தேடலைப் பற்றிய தகவல்.

2013-இல் வந்த டி.எஸ்.எம்-5 அந்த நிபந்தனையைத் தூக்கிவிட்டது. இப்போது உடல் அறிகுறிக் கோளாறு என்று எழுத, அன்றாட வாழ்வைக் குலைக்கும் அறிகுறி ஒன்று இருந்தாலே போதும். கூடவே மூன்றில் ஒன்றாவது வேண்டும்: அறிகுறியின் தீவிரத்தைப் பற்றி அளவுக்கு மீறி ஓயாமல் ஓடும் எண்ணம், உடல்நலம் பற்றித் தணியாத பதற்றம், அதற்காகவே கரையும் நேரமும் சக்தியும். ஒரே அறிகுறி தொடர வேண்டியதில்லை, ஆனால் ஏதோ ஒரு அறிகுறியோடு வாழும் நிலை பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று மட்டும் இருந்தால் லேசானது. இரண்டோ மூன்றோ இருந்தால் நடுத்தரம். அதோடு பல அறிகுறிகளோ, மிகக் கடுமையான ஓர் அறிகுறியோ சேர்ந்தால் தீவிரம்.

இதன் விளைவைப் பலர் கவனிப்பதில்லை. மாரடைப்பு வந்தவருக்கும், புற்றுநோய் உள்ளவருக்கும் இந்தக் கோளாறு கூடவே இருக்கலாம். ஸ்டென்ட் வைத்து, இதயம் நன்றாக இயங்குகிறது என்று உறுதியான பிறகும், நாளுக்கு இருபது முறை நாடி பார்ப்பவர், மாடிப்படி ஏறவே மறுப்பவர், மூன்றாவது இதய மருத்துவரைத் தேடுபவர் இந்த வரையறைக்குள் வருவார். நோய் உண்மை, கோளாறும் உண்மை.

மறுபக்கம் ஓர் ஆபத்தும் இருக்கிறது. டி.எஸ்.எம்-4 குழுவுக்குத் தலைமை வகித்த ஆலன் பிரான்சிஸ் 2013-இல் கடுமையாக எச்சரித்தார். புதிய அளவுகோலைக் களத்தில் சோதித்தபோது, புற்றுநோய் அல்லது இதய நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய 15 சதவீதம், குடல் எரிச்சல் நோய் அல்லது உடலெங்கும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களில் நான்கில் ஒருவர், ஆரோக்கியமானவர்களிலேயே 7 சதவீதம் பேர் அதற்குள் வந்துவிட்டார்கள். புற்றுநோய்க்காரர் பயப்படுவதை எந்த அளவுக்கு மேல் 'மிகை' என்பது? கையேட்டில் அதற்குக் கோடு கிடையாது. அதே நோய், அதே கட்டம், அதே குடும்பச் சூழலில் உள்ள இன்னொருவர் எப்படி இருப்பார் என்று ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. எங்கள் கருத்தில் இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் இந்தப் பெயரை எழுதவே கூடாது.

அளவிட வினாத்தாள்கள் உண்டு. பி.எச்.கியூ-15 பதினைந்து அறிகுறிகளைக் கேட்கும், மொத்தம் 30 மதிப்பெண், 5, 10, 15 என்ற படிகளில் சுமை ஏறும். அது உடல் தொல்லையின் அளவை மட்டுமே சொல்லும். எண்ணமும் பதற்றமும் எவ்வளவு என்பதைக் கேட்பது எஸ்.எஸ்.டி-12: பன்னிரண்டு கேள்வி, 48 மதிப்பெண், 23-க்கு மேல் போனால் விரிவாகப் பேச வேண்டும். முதலாவதில் 20 வாங்கி இரண்டாவதில் 6 வாங்குபவருக்குத் தேவை இன்னும் நல்ல உடல் பரிசோதனை. முதலாவதில் 6, இரண்டாவதில் 35 என்றால் கதை வேறு.

வலி இல்லை, பயம் மட்டும்

உடல் தொல்லை குறைவாகவும் பதற்றம் அதிகமாகவும் உள்ள அந்த இரண்டாவது ஆள்தான் நோய்ப் பயக் கோளாறு உள்ளவர். உடலில் தொல்லை இருக்காது, இருந்தாலும் லேசாக இருக்கும். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார், மச்சத்தைப் போட்டோ எடுத்து ஒப்பிடுவார், இரவு இரண்டு மணிக்குக் கூகுளில் தேடுவார். முன்பு ஹைபோகாண்ட்ரியா எனப்பட்டவர்களில் சுமார் முக்கால் பங்கு இப்போது உடல் அறிகுறிக் கோளாறுக்குள் போய்விட்டார்கள். மிச்சக் கால் பங்குதான் இங்கே.

இதில் இரண்டு வகை உண்டு. மருத்துவரை விடாமல் துரத்துகிறவர் கண்ணில் படுவார். மருத்துவமனைப் பக்கமே வராதவர் படமாட்டார். மார்பில் கட்டி தட்டுப்பட்டும் "போனா கேன்சர்னு சொல்லிடுவாங்க" என்று தள்ளிப்போடுகிறவர், சொந்தக்காரர் இறந்த வார்டுக்குள் கால் வைக்க மறுக்கிறவர் இந்த இரண்டாவது வகை. முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்கள் முதல் வகையினருக்குத் தீனி. ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் எல்லையைச் சற்றே தாண்டிய ஏதாவது ஒரு எண் இருக்கத்தான் செய்யும், அடுத்த ஆறு மாதத்துக்கு அது போதும்.

"உங்களுக்கு ஒன்றுமில்லை" என்ற உறுதிமொழி இவர்களிடம் ஏன் நிற்பதில்லை? கேட்டதும் பதற்றம் சட்டென்று இறங்குகிறது. அந்த நிம்மதியே அடுத்த முறை பயம் வரும்போது மறுபடி கேட்கத் தூண்டுகிறது. நாள் போகப் போக நிம்மதி நீடிக்கும் நேரம் குறையும். சரிபார்க்கும் இந்தச் சுழலைப் பார்த்துத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11 இதைக் கட்டாய எண்ணக் கோளாறுகளின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. அதே ஐ.சி.டி-11 உடல் அறிகுறிக் கோளாறை உடல்சார் துன்பக் கோளாறு என்றும், பின்னால் பார்க்கப்போகும் செயல்பாட்டு நரம்பியல் கோளாறை, நினைவும் உணர்வும் துண்டுபடும் விலகல் கோளாறுகளின் கீழும் எழுதுகிறது. ஒரே நோயாளியின் கோப்பில் இரண்டு பெயர்கள் இருந்தால் இரண்டு நோய் என்று பதற வேண்டாம்.

பீதியும் சோர்வும் உடல் வழியே பேசும்போது

பீதித் தாக்குதலை நேரம் காட்டிக்கொடுக்கும். படபடப்பு, மூச்சுத் திணறல், கை மரத்துப்போதல், செத்துவிடுவோமோ என்ற பயம் எல்லாம் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். டி.எஸ்.எம். பட்டியலில் உள்ள 13 அறிகுறிகளில் குறைந்தது நான்கு இருக்க வேண்டும். பயத்தின் காலமும் வேறு. பீதி வந்தவர் "இப்பவே போயிடுவேன்" என்பார், நோய்ப் பயம் உள்ளவர் "உள்ளே ஏதோ வளர்ந்துக்கிட்டு இருக்கு" என்பார். ஆனால் படபடப்பு சுவிட்ச் போட்டதுபோல் தொடங்கி அதேபோல் நின்றால், இதயத் துடிப்பின் மின்கோளாறு ஒன்றைத் தவறவிடக்கூடாது. அது நடக்கும் நேரத்தில் ஈ.சி.ஜி. கிடைக்க வேண்டும். தாக்குதல் முடிந்து எடுத்த ஈ.சி.ஜி. எதையும் நிரூபிக்காது.

மனச்சோர்வு நம்மிடம் அழுகையோடு வருவதைவிட "உடம்பெல்லாம் வலி, அசதி, தலை கிறுகிறுக்குது, சோறு இறங்கலை" என்று வருவதே அதிகம். எனவே உடல் புகாரைக் கேட்டு முடித்ததும் இன்னும் சில கேள்விகள் வேண்டும். எதிலாவது ஆசை இருக்கிறதா? விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறதா? தன்மேல் குற்ற உணர்வு உண்டா? வாழ வேண்டாம் என்ற எண்ணம்? கடைசிக் கேள்வியை நேராகவே கேட்க வேண்டும், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. சோர்வு வரும் காலங்களில் மட்டும் வலி வந்து, சோர்வு போனதும் போய்விட்டால் தனியாக இன்னொரு கோளாறை எழுத வேண்டியதில்லை. பொதுப் பதற்றக் கோளாறில் கவலை உடம்போடு நிற்காது: பிள்ளையின் படிப்பு, இ.எம்.ஐ., ஊரில் இருக்கும் அம்மா என்று எல்லாப் பக்கமும் ஓடும்.

இளைஞர்களிடம் தெற்காசியாவில் அதிகம் காணப்படும் ஒரு வடிவம் உண்டு. சிறுநீரோடு விந்து போகிறது, அதனால் உடல் தேய்கிறது, ஞாபகம் குறைகிறது என்ற புகார். மனநல மருத்துவர் என்.என். விக் 1960-இல் இதற்குத் 'தாத்' நோய்க்குறி என்று பெயரிட்டார். சிறுநீர் கலங்கலாக இருப்பதற்குப் பல நேரம் பாஸ்பேட் உப்பே காரணம். ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் பொறுமையான விளக்கமும் பாதி வேலையை முடித்துவிடும். அடியில் மனச்சோர்வோ பதற்றமோ இருக்கிறதா என்று தேடுவது மீதிப் பாதி. மாதம் ஒருநாள் லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் வைத்தியர்கள் இந்த இரண்டையும் செய்வதில்லை, பயத்தை இரட்டிப்பாக்கிப் பொட்டலம் கட்டித் தருகிறார்கள்.

நம்பிக்கை எவ்வளவு இறுக்கம் என்பதையும் சோதிக்க வேண்டும். "நீங்க நினைக்கிறது தப்பா இருக்க ஒரு சின்ன வாய்ப்பாவது இருக்கா?" என்று கேட்டால், நோய்ப் பயம் உள்ளவர் கொஞ்ச நேரமாவது தயங்குவார். மருட்சி உள்ளவர் தயங்கமாட்டார். தோலுக்கடியில் பூச்சி ஊர்கிறது என்று தீப்பெட்டியில் தோல் துகளைச் சேகரித்துக்கொண்டு வருபவர் அதற்கான பாடப்புத்தக உதாரணம். மருட்சி என்ற முடிவுக்குப் போவதற்கு முன் பி-12 குறைவு, போதைப்பொருள், சிரங்கு இவற்றைப் பார்த்துவிட வேண்டும். மூக்கு கோணலாக இருக்கிறது, முகமே அசிங்கம் என்று கண்ணாடி முன் மணிக்கணக்கில் நிற்பது வேறு கணக்கு. அங்கே நோய்ப் பயம் இல்லை, தோற்றக் கவலைதான்.

கால் அசையவில்லை, நரம்பு நன்றாக இருக்கிறது

இந்தக் குடும்பத்திலேயே அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது செயல்பாட்டு நரம்பியல் அறிகுறிக் கோளாறு. கை கால் செயலிழப்பு, நடுக்கம், வலிப்பு, பார்வை மங்கல் எல்லாம் வரும். இங்கே மட்டும் 'அறியப்பட்ட நரம்பு நோயோடு பொருந்தவில்லை' என்பதைக் காட்டியாக வேண்டும். அதையும் எம்.ஆர்.ஐ. நார்மல் என்பதை வைத்துக் காட்டக்கூடாது, படுக்கையருகே செய்யும் சோதனையில் காட்ட வேண்டும்.

சார்லஸ் ஹூவர் 1908-இல் விவரித்த சோதனை இன்றும் முதன்மையானது. நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, பலமில்லாத காலின் குதிகாலுக்கு அடியில் கை வையுங்கள். "இந்தக் குதிகாலை மெத்தையில் அழுத்துங்க" என்றால் அழுத்தம் வராது. இப்போது மற்ற காலை, நீங்கள் மேலிருந்து அழுத்த, தூக்கச் சொல்லுங்கள். நல்ல காலைத் தூக்கும்போது எதிர்க்காலின் இடுப்புத் தசை தானாக அழுந்த வேண்டும் என்பது உடலின் அமைப்பு. பலமில்லாத குதிகால் உங்கள் கையை அழுத்துகிறதா? அழுத்தினால் நரம்புப் பாதை அறுபடவில்லை, கவனம் அங்கே குவியும்போது மட்டும் அது தடைபடுகிறது. இடுப்பு வலி உள்ளவரிடமும், மூளைப் பாதிப்பால் உடலின் ஒரு பக்கத்தையே கவனிக்காமல் விடுபவரிடமும் இது ஏமாற்றும்.

நடுக்கத்துக்கு மறுகை வேண்டும். நீங்கள் விரலால் ஒரு தாளம் தட்டுங்கள், நல்ல கையால் அதைப் பின்தொடரச் சொல்லுங்கள், தாளத்தை மாற்றுங்கள். செயல்பாட்டு நடுக்கம் நின்றுபோகும் அல்லது புதிய தாளத்துக்கு மாறும். பார்க்கின்சன் நடுக்கம் தன் வேகத்திலேயே போகும். பார்வை சுருங்கியது என்பவரிடம் ஒரு மீட்டர் தூரத்திலும் இரண்டு மீட்டர் தூரத்திலும் பார்வைப் பரப்பை அளக்கலாம். தூரம் இரட்டித்தால் பரப்பின் அகலமும் இரட்டிக்க வேண்டும், குழாய்போல் மாறாமல் இருந்தால் ஒளியியலுக்குப் பொருந்தவில்லை.

வலிப்பில்தான் விபரீதம் அதிகம். கண் இறுக மூடியிருப்பது, தலை பக்கவாட்டில் ஆடுவது, இரண்டு நிமிடத்தைத் தாண்டி விட்டுவிட்டு நீள்வது, நடுவே அழுவது ஆகியவை செயல்பாட்டு வலிப்பின் பக்கம் சாயும். நாக்கின் ஓரம் கடிபட்டிருந்தால் காக்காய் வலிப்பின் பக்கம் சாயும். சிறுநீர் போய்விட்டது என்பது எதையும் பிரிக்காது. முழு உடல் வலிப்புக்குப் பின் 10 முதல் 20 நிமிடத்துக்குள் எடுத்த ரத்தத்தில் புரோலாக்டின் இரட்டிப்புக்கு மேல் இருந்தால் காக்காய் வலிப்புக்குச் சாதகம், ஆனால் மயக்கம் போட்டாலும் அது ஏறும், ஏறாவிட்டால் எதுவும் நிரூபணமாகாது. முடிவு சொல்வது, வலிப்பை வீடியோவில் எடுத்தபடியே மூளையின் மின்னலைகளையும் பதிவுசெய்யும் வீடியோ ஈ.ஈ.ஜி. மட்டுமே. அதற்கு வசதி இல்லாத ஊரில் வீட்டார் செல்போனில் எடுக்கும் முழு நீள வீடியோ பெரும் உதவி: முகம் தெரிய வேண்டும், தொடக்கத்திலிருந்து இருந்தால் இன்னும் நல்லது. மூளையின் முன்மடல் வலிப்பு விநோதமாகக் காலை உதைத்துக் கத்தவைக்கும், தலையின் மேற்பரப்பில் எடுக்கும் ஈ.ஈ.ஜி.யில் பல நேரம் ஒன்றும் காட்டாது. தூக்கத்தில், குறுகிய நேரம், ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக அதே மாதிரி வந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு வகை வலிப்பும் இருப்பது உண்டு, அதனால் மருந்தை ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து.

நம்பக்கூடாத அடையாளங்களையும் சொல்லியாக வேண்டும். நோயைப் பற்றி அலட்டிக்கொள்ளாமல் இருப்பது இந்தக் கோளாறின் முத்திரை என்று பழைய புத்தகங்கள் எழுதின. உண்மையான நரம்பு நோயாளிகளிடமும் அது ஏறக்குறைய அதே அளவில் காணப்படுகிறது. குடும்பச் சண்டை, பரீட்சை, கணவரின் குடி என்று ஏதோ ஒன்று கிடைத்துவிட்டால் காரணம் கிடைத்தது என்பதும் பொய். மன அழுத்தம் யார் வீட்டில் இல்லை? டி.எஸ்.எம்-5 அதை நிபந்தனையிலிருந்தே எடுத்துவிட்டது.

லண்டனில் எலியட் ஸ்லேட்டர் 1965-இல் எழுதிய கட்டுரை, இப்படிப் பெயரிடப்பட்டவர்களில் பலருக்குப் பின்னாளில் நரம்பு நோய் வெளிப்பட்டதைக் காட்டி ஒரு தலைமுறை மருத்துவர்களைப் பயமுறுத்தியது. 2005-இல் ஜான் ஸ்டோனும் மற்றவர்களும் தொகுத்த ஆய்வில், தவறான கணிப்பு 1950-களில் 29 சதவீதமாக இருந்து, 1970-களுக்குப் பின் 4 சதவீதமாக இறங்கியிருந்தது. மற்ற நரம்பு நோய்களில் நிகழும் தவறும் ஏறக்குறைய இதே அளவுதான்.

வேண்டுமென்றே என்றால்

முதலில் ஓர் எச்சரிக்கை. ஹூவர் சோதனை நடிப்பைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல. கால் அழுத்தியதா என்று அது சொல்லும், அந்த ஆளின் உள்நோக்கத்தைச் சொல்லாது. ஏமாற்று என்று எழுத வேறு சான்று வேண்டும்: வார்டில் தடியின்றி நடக்க முடியாதவர் சிசிடிவியில் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்புவது, படுக்கையில் கிடைத்த ஊசி, முரண்படும் ஆய்வக எண்கள்.

ரத்தச் சர்க்கரை இறங்கி மயங்குபவரை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை தாழ்ந்திருக்கும் அந்த நேரத்திலேயே எடுத்த ரத்தத்தில் இன்சுலின் உயர்ந்தும் சி-பெப்டைடு தாழ்ந்தும் இருந்தால், இன்சுலின் வெளியிலிருந்து வந்தது. கணையம் சுரந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே ஏறும். இரண்டும் ஏறியிருந்தால் கணையக் கட்டியா, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையா என்று பார்க்க மருந்துச் சோதனை தேவை. சில புதிய வகை இன்சுலின்களைச் சில ஆய்வக முறைகள் கண்டுகொள்ளாது என்பதையும் மறக்கக்கூடாது. ஆறாத புண் மாவுக்கட்டுக்குள் மட்டும் ஆறுவதும், தைராய்டு ஹார்மோன் எகிறியிருக்கும்போது, அந்தச் சுரப்பி தானே விடும் புரதமான தைரோகுளோபுலின் தாழ்ந்திருப்பதும் இதே இனம்.

ஏமாற்று உறுதியானபின் எஞ்சும் கேள்வி, எதற்காக என்பது. இழப்பீடு, மருத்துவ விடுப்பு, வழக்கு, போதை ஊசி என்று கண்ணுக்குத் தெரியும் ஆதாயம் இருந்தால் பாசாங்கு. அது மனநோயே அல்ல. அப்படி எதுவும் இல்லாமல், நோயாளி என்ற இடத்தில் இருப்பதற்காகவே தன்னை ஊசியால் குத்திக்கொள்பவருக்குப் புனைவுக் கோளாறு. ரிச்சர்ட் ஆஷர் 1951-இல் முன்ச்சௌசன் என்று பெயரிட்டது இதன் உச்ச வடிவத்துக்கு. ராய் மெடோ 1977-இல் விவரித்தது இன்னும் கொடியது: தாய் அல்லது பராமரிப்பவர் குழந்தைக்கு நோயை உண்டாக்குவது. அங்கே மனநோய்ப் பெயர் உண்டாக்கியவருக்குத்தான், குழந்தை வன்முறைக்கு ஆளானது. தனியே எதிர்கொண்டு கேட்டால் குழந்தையோடு காணாமல் போய்விடுவார்கள். முதலில் குழந்தையின் பாதுகாப்பு, பிறகுதான் பேச்சு.

பெயர் எழுதுமுன்

பழைய கோப்பை முழுதாகப் படிப்பது அலுப்பான வேலை, ஆனால் ஈடில்லாதது. அறிகுறி தொடங்கிய நாள், மருந்து மாறிய நாள், அறுவைச் சிகிச்சை நாள் என வருட வாரியாக ஒரே தாளில் எழுதினால் பாதி விடை அதிலேயே கிடக்கும். பிறகு, "இது என்னவா இருக்கும்னு உங்களுக்குத் தோணுதும்மா?" என்ற கேள்வி. பதிலில் பயமா, உறுதியா, அலுப்பா என்று கேளுங்கள். "வலி இல்லாத ஒரு நாள் எப்படி இருந்துச்சு?" என்பது அடுத்தது. அப்படி ஒரு நாளே இல்லை என்பவரும், வலி வந்துவிடுமோ என்று அந்த நாளையும் படுத்தே கழித்தவரும் ஒன்றல்ல.

தொல்லைகள் உடலின் பல இடங்களில் சிதறி, வந்து வந்து போகும்போது ஏமாற்றும் நோய்கள் சில உண்டு. சாயங்காலம் ஆக ஆக இமை தாழ்ந்து பேச்சு குழறினால் மயஸ்தீனியா. வயிற்று வலி, குழப்பம், கை கால் பலவீனம் மூன்றும் கூடி வந்தால் போர்ஃபைரியா, அதற்குத் தாக்குதல் நேரச் சிறுநீரில் போர்ஃபோபிலினோஜன் பார்க்க வேண்டும். தலைவலி, வியர்வை, படபடப்பு திடீர் திடீரென்று வந்தால் அட்ரினல் கட்டி. இளவயதில் நடத்தை மாற்றமும் நடுக்கமும் என்றால் வில்சன் நோய். மாதவிடாயோடு சேர்ந்து ஏறும் அடிவயிற்று வலி ஆண்டுக்கணக்கில் 'மனசு' என்று தள்ளப்பட்ட எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். தைராய்டு, கால்சியம், பி-12, ரத்த அணுக்கள், ஈ.எஸ்.ஆர். இவை மலிவானவை, முதலிலேயே பார்த்துவிடலாம்.

இதைச் செய்தபின் எழுதும் பெயரும் தற்காலிகமே. ஒரே மருத்துவர், நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, அறிகுறி கூடினாலும் குறைந்தாலும் அதே தேதியில் பார்ப்பது நடைமுறையில் நன்றாக வேலை செய்கிறது. தொல்லை அதிகமானால்தான் டாக்டரைப் பார்க்க முடியும் என்ற கணக்கை அது உடைக்கிறது. ஒவ்வொரு சந்திப்பிலும் சுருக்கமாக உடலைத் தொட்டுப் பரிசோதிக்க வேண்டும். காரணமில்லாத எடைக் குறைவு, தூக்கத்தை எழுப்பும் வலி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், அனிச்சைச் செயலில் புதிய மாற்றம், இதுவரை சொன்ன அறிகுறியின் போக்கே மாறுவது, 50 வயதுக்கு மேல் முதல்முறையாகத் தொடங்குவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், பழைய கணிப்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், கோப்பைத் திரும்பத் திறந்து பரிசோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.